முதுகு படு என்றது, வயிறு ஓடு என்றது

ஓசூர் சிப்காட்டில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற மைக்கேல்ராஜுக்கு வயது முப்பத்தி நாலு. காலையில் எழும்போது மட்டும் எழுபது. முதுகு பலகை மாதிரி விறைத்துக் கிடக்கும். மனைவி பவுலினா பாயோடு உருட்டித்தான் எழுப்புவாள். அதே நேரம் பார்த்து வயிறு கலக்கும். சுவரைப் பிடித்தபடி அவர் ஓடுகிற ஓட்டத்துக்கு அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிப்பாள்.

முதுகுக்கு ஒரு டாக்டர், வயிற்றுக்கு வேறொரு டாக்டர். "எலும்பு டாக்டர்கிட்ட போயி கக்கூஸ் கதை பேசுவாங்களா?" என்பார். வலி மாத்திரை போட்டால் வயிறு இன்னும் மோசமாகும். பழியெல்லாம் கேன்டீன் சாம்பார் மேல்.

சர்ச்சில் நடந்த கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது மன்னனின் காவலாளி வேஷம் அவருக்கு. அத்தனை விறைப்பாக நிற்க ஊரில் வேறு ஆளில்லை. ஏரோதாக நடித்த லியோ, "ஞானிகளை வரச் சொல்!" என்று கர்ஜித்ததுதான் தாமதம், காவலாளி ஈட்டியோடு சர்ச்சுக்கு வெளியே ஓடிவிட்டார்.

"பார்த்தீர்களா, என் வீரனின் வேகத்தை!" என்று லியோ சமாளித்தார். ஒரே கைதட்டல். மைக்கேல்ராஜ் திரும்பி வந்தபோது காட்சி மாறியிருந்தது. மாட்டுத் தொழுவத்தில், ஆடுகளுக்கு நடுவே ஈட்டியோடு நின்றார்.

அடுத்த வாரம் எலும்பு டாக்டரிடம் பவுலினாவால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டாக்டர் சிரிக்கவில்லை.

"நடந்தா விறைப்பு குறையுதா?"

"ஆமாங்க."

"மலத்துல ரத்தம்?"

மைக்கேல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். "போவுதுங்க. மூலம்னு நெனச்சேன்."

டாக்டர் வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லி, பெங்களூரில் மூட்டு, முதுகு வாதநோய் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் அனுப்பினார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள்.

"உங்க எதிர்ப்பு சக்தியே தடம் மாறி முதுகெலும்பையும் தாக்குது, குடலையும் தாக்குது. சிலருக்கு ரெண்டும் சேர்ந்தே வரும்," என்றார் அந்த டாக்டர்.

"அப்ப சாம்பார் மேல தப்பில்லைங்களா?"

"சாம்பார் பாவம்."

வெளியே வந்ததும் மைக்கேல்ராஜுக்குக் கண் கலங்கியது. "இத்தனை நாளா ரெண்டு பேரோட சண்டை போட்டேன் பவுலி. ஒருத்தன்தானாம்."

இரண்டுக்கும் சேர்த்து ஊசி போட ஆரம்பித்தார்கள். நோய் அடியோடு போகவில்லை, ஆனாலும் சில மாதத்தில் நன்றாகத் தேறினார். ஒருநாள் விடியலில் தானாகவே எழுந்து, டீ போட்டு, பவுலினாவின் தலைமாட்டில் போய் நின்றார்.

அந்த நேரத்தில் நிமிர்ந்து நிற்கிற ஆளை அவள் பார்த்ததே இல்லை. "ஐயோ, திருடன்!" என்று அலறினாள்.

பக்கத்து வீட்டுக் கரியப்பன் கட்டையோடு ஓடி வந்தார். அவருக்கும் ஒரு டீ போட வேண்டியதாயிற்று.