அண்ணன் இருக்கும் வரைக்கும்

குரும்பலூர் மாயவனைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. விடிவதற்குள் காட்டில் நிற்கிற ஆள். ஆனால் ஒரு முடிவு எடுக்க வேண்டுமென்றால் மட்டும் மனுசனுக்குக் கை கால் ஓடாது. சின்ன வெங்காயத்தை எடுத்து, விலைக்காகப் பட்டறை போட்டுச் சேர்த்து வைப்பார். விலை ஏறினால் இன்னும் ஏறட்டும் என்பார், இறங்கினால் திரும்ப ஏறட்டும் என்பார். கடைசியில் பாதி முளைத்துப் போய், மனைவி அம்சவள்ளி உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

அந்த அம்சவள்ளி ஒரு பெரிய காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகு, ஊர்க்கோடியில் தகரக் கொட்டகை போட்டிருந்த சபைக்குப் போக ஆரம்பித்தாள். ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டாள். மாயவன் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வண்டியில் கொண்டுபோய் விடுவார். முதலில் வெளியே வேப்பமரத்தடியில் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். வெயில் தாங்காமல் உள்ளே வந்து வாசலோர நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் வெயில் இல்லாத நாளிலும் அதே நாற்காலிதான். கேட்டுக் கேட்டு மனசு இளகிவிட்டது. இயேசு தனக்காகவும்தான் உயிரை விட்டார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. காட்டில் தனியாக மடை திருப்பும்போது அவரோடு பேசுவதும் உண்டு. ஆனால் தண்ணீரில் இறங்கி நாலு பேர் அறிய ஒப்புக்கொள்ளச் சொன்னால், "ஆவட்டும் பாஸ்டர், பாக்கலாம்" என்பார்.

சபையில் ஞானஸ்நானம் என்றால் வேன் பிடித்துத் திருமானூர் போய், கொள்ளிடத்தில் கொடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் மாயவன்தான் சோற்றுக் குண்டானை வேனில் ஏற்றுவார், கதவைச் சாத்துவார், டாட்டா காட்டி அனுப்பி வைப்பார்.

"டாட்டா காட்டியே இந்த மனுசனுக்குக் கை தேஞ்சு போச்சு" என்று அம்சவள்ளி கேலி பண்ணுவாள். பாஸ்டர் இளவரசனுக்கு அந்த மாதிரி விளையாட்டுப் பேச்சு வராது. "நாளைக்குங்கிறது நம்ம கையில இல்லீங்கண்ணே. கூப்புடுறது காதுல வுழுறப்பவே போயிரணும்" என்பார். மாயவன் நன்றாகத் தலையாட்டுவார்.

தலையாட்டியதோடு நின்றதற்குக் காரணம் அவருடைய அண்ணன் அரியமுத்து. அடுத்த காடு அவருடையதுதான். பிள்ளை இல்லை, மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நாளைக்கு அவருக்கு ஒன்று என்றால் மொட்டை போட்டு, சட்டி தூக்கி, கொள்ளி வைக்க வேண்டியவர் தம்பிதான். ஞானஸ்நானம் எடுத்தவன் அதைச் செய்ய முடியாது. தோளில் தூக்கி வளர்த்த அண்ணனைக் கடைசியில் அனாதையாக அனுப்புவதா? அண்ணன் இருக்கும் வரைக்கும் இப்படியே இருந்துவிட்டு, அவர் காரியத்தை முடித்த கையோடு தண்ணீரில் இறங்கிவிடலாம் என்று மாயவன் முடிவு கட்டியிருந்தார். மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

ஒரு புதன்கிழமை காலை, அண்ணனும் தம்பியும் வரப்பில் உட்கார்ந்து தூக்கில் வந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நெற்றி நிறையத் திருநீறோடு இருந்த அரியமுத்து திடீரென்று கேட்டார்.

"ஏன்டா, அந்தச் சபைக்கு இத்தினி வருசமா போற. தண்ணியில முங்க மாட்டேங்குறியாமே? அம்சவள்ளி வருத்தப்படுது."

மாயவனுக்குப் பொய் வாயில் வரவில்லை. "ஒனக்காவத்தாண்ணே. நான் முங்கிட்டா ஒனக்கு யாரு கொள்ளி வெக்கிறது?"

அரியமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு முகம் மாறிவிட்டது.

"அப்ப என் சாவுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தியா?"

"ஐயோ, அப்புடி இல்லண்ணே!"

"பின்ன எப்புடி? ஒனக்கு முன்னாடி நான்தான் போவேன்னு யாருடா எழுதிக் குடுத்தா? பங்காளி வூட்டுப் பய எவனாவது எனக்குக் கொள்ளி வெச்சிருவான். நீ இப்புடி ரெண்டுங்கெட்டானாவே போய்ச் சேந்தீன்னா, ஒன் சாமிகிட்ட என்னான்னு சொல்லுவ? எங்கண்ணன் இன்னும் சாவலன்னா?"

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு மாட்டை அவிழ்த்துக் கட்டப் போய்விட்டார். மாயவன் அங்கேயே உட்கார்ந்திருந்தார். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. சாகிறவர்கள் பட்டியலில் அண்ணனை வைத்தவர், தன்னை ஒருநாளும் வைத்துப் பார்த்ததில்லை. பாசம் என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருசமாக அண்ணன் எப்போது போவார் என்றல்லவா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்! வரப்பிலிருந்தபடியே பாஸ்டருக்குப் போன் போட்டார்.

"அடுத்த வேன் எப்பங்க?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடிண்ணே. ஏன், என்னாச்சு?"

"அதுவரைக்கும் எனக்குத் தாங்காதுங்க. எங்க கெணத்துல தண்ணி கெடக்கு. இன்னிக்கே வர முடியுமா?"

மத்தியானமே பாஸ்டர் வந்துவிட்டார். இந்த வருசம் மழை நன்றாகப் பெய்ததில் கிணற்றுப் படிகள் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் இருந்தன. இடுப்பளவு ஆழத்தில் நின்றுகொண்டு, விசுவாசிக்கிறீர்களா என்று பாஸ்டர் கேட்டார். வாசலோர நாற்காலியில் உட்கார்ந்து பழகிய மனுசன், கிணறே அதிரும்படி, "ஆமாங்க" என்றார். மேலே அம்சவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

முங்கி எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மாயவன் படியேறினார். மேல்படியில், காய்ந்த வேட்டியும் துண்டும் கையில் வைத்துக்கொண்டு அரியமுத்து நின்றிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தம்பியின் தலையை அவரே துவட்டிவிட்டார், சின்ன வயசில் செய்தது போல, கொஞ்சம் முரட்டுத்தனமாக.

"இனிமே ஒனக்காவ நான் அவசரப்பட்டுச் சாவ வேண்டியதில்ல" என்றார்.

அண்ணன் இன்னும் ரொம்ப வருசம் இருக்க வேண்டும் என்று, எந்தக் கணக்கும் இல்லாமல், அன்றுதான் மாயவன் முதன்முதலாக வேண்டிக்கொண்டார்.