அறுபது எண்ணும் வரை

உரும்பிராயில் புகையிலைத் தோட்டம் செய்த ஏரம்பு சுருட்டை விட்டது எண்பத்துநாலாம் ஆண்டு, தன் நாற்பத்தெட்டாவது வயதில்.

மகன் குலேந்திரன் ஜேர்மனிக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் இருவரும் கீரிமலைக் கேணியில் குளித்தார்கள். தகப்பன் நீருக்குள் மூச்சடக்கி இருக்க, மகன் படியிலிருந்து எண்ணினான். அறுபது.

"ஐயா, நான் திரும்பி வரேக்கையும் அறுபது எண்ணோணும். கிழண்டு போய் நிக்கக்கூடாது."

"நீ வா. நான் இப்பிடியே நிப்பன்."

அந்தச் சொல்லுக்காகச் சுருட்டு போனது. தேநீரில் சீனி போனது. இரவில் ஒரு குரக்கன் றொட்டி மட்டும். வெள்ளிதோறும் விடியமுன் மருதனார்மடம் வழியாகச் சைக்கிள் மிதித்துக் கீரிமலைக்குப் போய் முழுகுவார். உப்புக் காற்றும் ஈரத் தலையுமாகத் திரும்புகிற அந்த வழி முழுக்க மகன் பின் கரியரில் இருப்பதுபோலவே இருக்கும்.

"ஊருக்குப் புகையிலை வித்துப்போட்டு இவருக்கு மட்டும் சுருட்டு ஆகாதாம்" என்று மனைவி பராசக்தி சிரிப்பாள்.

தொண்ணூறில் சண்டை மூண்டு கீரிமலைப் பாதை அடைபட்டது. ஏரம்பு கிணற்றடித் தொட்டிக்குள் தலையை அமிழ்த்தினார். பராசக்தி வெங்காயம் உரித்தபடி எண்ணினாள்.

"நீர் கெதியா எண்ணுறீர்."

"நீங்கள் மெதுவாக் கிழடாகிறியள், அதுதான். இப்ப ஊருக்கே சீனி இல்லை. இவர் விட்டவராம்!"

தொண்ணூற்றுநாலில், அனுப்பி மூன்று மாதம் கழித்து, கொழும்பு சுற்றி, மகனின் முதல் படம் வந்தது. சாப்பாட்டுக்கடைக் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றான். நெற்றி உச்சிவரை ஏறியிருந்தது. கண்ணுக்குக் கீழே பை. ஏப்ரனைத் தள்ளிக்கொண்டு வண்டி வயிறு.

"ஐயோ, செத்துப்போன உங்கடை அப்பரெல்லே நிக்கிறார்!" என்றாள் பராசக்தி. சிரித்தவள் பாதியில் நிறுத்தினாள். மகனுக்கு முப்பது வயது.

ஏரம்பு படத்தைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் கண்ணாடியில் பார்த்தார். பத்து வருடம் தன் வயதைத்தான் பிடித்து வைத்திருந்தார். மகனின் வயதை யாரும் பிடித்து வைக்கவில்லை.

அன்று தொட்டிப் பக்கம் போகவில்லை. கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து மகனுக்கு எழுதினார்:

"தம்பி, சீனியை விடு. சிகரெட் இருந்தால் அதையும். வேலைக்கு நடந்து போ. உங்கை கேணி இராது, வாளித் தண்ணியிலை முகத்தை வைச்சுப் பார். எத்தினை எண்ணுறாய் எண்டு ஒளிக்காமல் எழுது. கெதியா எண்ணாதை."