துரையின் முதுகு

முத்துமீனாவின் கையைப் பற்றிச் சமயநல்லூரில் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வருஷம் சித்தாள் வேலையில் கலவைச் சட்டி தூக்கிய கை. கொதிக்கிற சோற்றுப் பானையைத் துணி பிடிக்காமல் இறக்கி வைத்துவிடுவாள். அந்தக் கையால் துரைக்கு ஒரு கெடுதல் வரும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

துரை அவளும் புருஷன் மலைச்சாமியும் வளர்க்கிற வெள்ளைக் குதிரை. மதுரைக்குள் மாப்பிள்ளை அழைப்பு என்றால் துரைதான் போகும். மூன்று வருஷம் வேட்டுக்கும் மேளத்துக்கும் அசையாமல் நின்றது. இந்தத் தை பிறந்ததும் என்ன வந்ததோ, யார் ஏறி உட்கார்ந்தாலும் காதைப் பின்னுக்கு மடக்கி முதுகை வளைத்தது. கடைசியில் சிம்மக்கல்லில் ஒரு மாப்பிள்ளையைத் தள்ளியே விட்டது. நல்லவேளை, பூக்கூடை மேல் விழுந்தார். அடி ஒன்றுமில்லை, மானம்தான் போயிற்று.

"திமிரு ஏறிப்போச்சு. கடிவாளத்த இறுக்கியும் பாத்தாச்சு, ரெண்டு போட்டும் பாத்தாச்சு. அடுத்த ஞாயித்துக்கெழம தரகர் வாராரு, பிடிச்சுக் குடுத்துருவோம்" என்றான் மலைச்சாமி.

"மேளத்துக்கு மெரண்டா மேளம் அடிக்கயில துள்ளணும். இது ஆளு ஏறயிலதான துள்ளுது? இன்னும் பத்து நாளு கெடக்கு. அதுவரைக்கும் அது மேல அடி விழுந்துச்சு, சோறு கெடையாது சொல்லிட்டேன்."

மலைச்சாமிக்குச் சோறு முக்கியம். ஒதுங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை துரையைக் குளிப்பாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ஒரு ஈ வந்து அதன் விலாவில் உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்துத் தோல் மட்டும் வெடுக்கென்று சிலிர்த்தது. ஈ பறந்தது. முத்துமீனாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஈயின் கால் படுவதே தெரிகிற உடம்புக்கு, இத்தனை நாள் நாம் போட்ட அடியும் இழுத்த இழுப்பும் எப்படி இருந்திருக்கும்?

எழுந்து முதுகைத் தடவிப் பார்த்தாள். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. காய்ப்பேறிய கைக்கு எது தெரியும்? கொஞ்சம் யோசித்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி, கழுத்திலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்தாள். சேணம் உட்காருகிற இடத்தில் உள்ளங்கையளவுக்குச் சூடு. கன்னம் பட்டதும் துரை முதுகைக் கீழே இறக்கியது. மயிரை விலக்கினால், பொடிப் பொடியாகத் தடிப்பு.

சேணத்துக்கு அடியில் போடுகிற துணியைக் கொண்டுவந்து புரட்டினாள். பொங்கலுக்கு அவளே ஆசை ஆசையாகக் கண்ணாடிச் சில்லு வைத்துத் தைத்த சிவப்புத் துணி. அடிப்பக்கத்தைக் கன்னத்தில் அழுத்தினாள். சுருக்கென்று குத்தியது. ஒவ்வொரு சில்லுக்கும் பின்னால் நைலான் நூல் முடிச்சு, நறுக்கிவிட்ட முனையோடு. தைத்தபோது அந்த விரல்களுக்கு அது தெரியவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பாவி, நான்தானா!

"கடுகு தண்டி முடிச்சு. அதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்று சிரித்தான் மலைச்சாமி.

"சட்டையக் கழட்டுங்க."

வெற்று முதுகில் துணியைப் போட்டு, அதன்மேல் அரிசி மூட்டையை ஏற்றினாள். "நடங்க." ஏழாவது அடியில் மூட்டை தரையில் கிடந்தது. அதற்குப் பிறகு திமிர் என்ற பேச்சையே அவன் எடுக்கவில்லை. ஆனாலும் தரகரிடம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தான். அவளே ஏறி ஓட்டிக் காட்டினால் விற்பதில்லை என்று மட்டும் ஒப்புக்கொண்டான்.

தடிப்பு அமுங்கும்வரை துரை மேல் ஒரு நூல்கூடப் படவில்லை. தினமும் கன்னம் வைத்துப் பார்த்தாள். எட்டாம் நாள் சூடு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்து நின்றார். பழைய நூல்சேலையை நாலாக மடித்துப் போட்டு, மேலே சேணத்தை வைத்தாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குதிரை ஏறினாள். பயத்தில் முழங்கால் இரண்டும் அதன் விலாவை இறுக்கின. துரை விருட்டென்று வேகம் எடுத்தது. "கடிவாளத்தப் பிடிச்சு இழு புள்ள!" என்று மலைச்சாமி கத்தினான். அவள் இழுக்கவில்லை. ஈயையே தெரிகிற உடம்பு, என் பயம் தெரியாமலா இருக்கும்? காலைத் தளர்த்தினாள். மூச்சை நிதானமாக விட்டாள். துரை நடைக்கு வந்தது. இன்னும் ஒரு நீண்ட மூச்சு விட்டாள், நின்றது. தரகர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

வைகாசியில் ஒரு முகூர்த்தம். கல்யாண ஏற்பாட்டுக்காரர் பத்ரிநாத்தை, மறுபடி துரையையே கூப்பிடச் சொல்லி முத்துமீனா நேரில் போய் நின்று சம்மதிக்க வைத்திருந்தாள். மாப்பிள்ளை ஏறுவதற்காகச் சேணம் வைக்கும் முன், துரை மேல் அவள் விரித்திருந்த புதுத் துணியைப் பார்த்து அவர் முகம் சுளித்தார். சில்லு இல்லை, சரிகை இல்லை. தையல் முடிச்செல்லாம் மேலே துருத்திக்கொண்டு நின்றன.

"என்னக்கா, துணிய மாத்திப் போட்டுட்டீங்களே! நல்ல பக்கம் உள்ள போயிருச்சு."

முத்துமீனா துணியின் ஓரத்தை விலக்கித் துரையின் முதுகில் கன்னத்தை வைத்திருந்தாள். எடுக்காமலே சொன்னாள்:

"அது பக்கம்தான் தம்பி நல்ல பக்கம்."