காருக்குப் போட வேண்டிய போர்

அப்பா டீசல் கார் வாங்கினார். வாங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. யாரோ தலைமுழுகிய பெட்ரோல் காருக்குள், வேறு யாரோ தலைமுழுகிய வேனின் டீசல் இன்ஜினைத் திணித்து, ஒரு புண்ணியவான் அதை அவர் தலையில் கட்டிவிட்டான். எண்பதுகளின் தொடக்கம் அது. மல்லசமுத்திரம் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்போது வேறு யாரிடமும் கார் கிடையாது. அதுவரை சாதாரண மனிதராக இருந்த அப்பா கார்க்காரர் ஆனார்.

அந்தக் கார் காலையில் கிளம்பாது. சாவியைத் திருப்பினால் முக்கும், முனகும், வெள்ளையாகக் கொஞ்சம் புகை விட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும். எங்கள் காட்டில் விவசாய வேலைக்கு வந்தவர்கள், பால் கறக்க வந்தவர், வழியில் சும்மா போனவர் எல்லோரும் சேர்ந்து தள்ளுவார்கள். கிளம்பிவிட்டாலோ நீலப் புகை. பின்னால் சைக்கிளில் வருகிறவர் திட்டுவது எங்களுக்குக் கேட்காது, அவர் முகமும் தெரியாது. அது ஒரு வசதி. டீசல் போடுகிற போதெல்லாம் இன்ஜின் ஆயிலும் ஊற்ற வேண்டும்.

"ஆயில் எச்சாக் குடிக்குதுன்னா வண்டி நல்லா ஒழைக்குதுன்னு அர்த்தம்" என்பார் அப்பா.

அவரே வைத்தியமும் பார்த்தார். மேட்டில் ஏறத் திணறுகிறது என்று காற்று வடிகட்டியைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டார். "மூச்சு முட்டுதில்ல, பாவம்." அன்றிலிருந்து எங்கள் வண்டிப்பாதைப் புழுதியை எல்லாம் கார் ஆசைதீரச் சுவாசித்தது.

எக்கேடோ கெடட்டும் என்று நானும் இருந்திருப்பேன். ஆனால் சேலத்தில் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அப்பா பெரிய மனது பண்ணிச் சம்மதித்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. "காரிருக்கிற ஊட்டுப் புள்ள பஸ்ஸுல இடிபட்டுப் போறதா? போனா நம்ம கார்லதான் போகோணும். இல்லீன்னா படிப்பே வேண்டாம்." ஆக, என் படிப்பு அந்த இன்ஜின் கையில் இருந்தது. கல்லூரி திறக்கும் நாள் நெருங்க நெருங்க, கார் கிளம்புகிறதா என்று தினமும் காலையில் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன்.

அம்மா சண்டை போட்டுத் திருச்செங்கோட்டிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் வந்தபோது அப்பா சந்தைக்குப் போயிருந்தார். மெக்கானிக்கின் கையைவிட வாய்தான் அதிகம் வேலை செய்தது. வண்டியைத் தள்ளிக் கிளப்பச் சொல்லி, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து குபுகுபுவென்று புகை வந்தது. "பாத்தீங்களா, சோறாக்குது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு இன்ஜினை நிறுத்தி, ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் பார்க்கும் கேஜ் வைத்து, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். முள் சோம்பேறித்தனமாக எழுந்து பாதியில் நின்றது. சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். இப்போது முள் ஏறியது. அம்மாவிடம் சொன்னார்:

"ஆயில் உட்டா கம்ப்ரஷன் ஏறுது பாருங்க. அப்ப வால்வுமேல தப்பில்ல. மண்ணு போயி ரிங்கும் போரும் தேஞ்சு போச்சுங்க்கா. போர் பண்ணோணும், வேற வழியில்ல. தள்ளிப்போட்டா மொத்தமும் போயிரும்னு அண்ணங்கிட்டச் சொல்லிருங்க."

சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து புது பிஸ்டனும் ரிங்கும் போடுவதற்குப் பட்டறையில் 'போர்' என்று பேர். எங்கள் காட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: ரிக் லாரி வந்து தண்ணீருக்காகப் பூமியில் துளை போடுவது. இது எனக்கு அப்போது உறைத்திருக்க வேண்டும். நானோ வியாதி தெரிந்துவிட்ட சந்தோஷத்தில், கல்லூரிக்குச் சேலை எடுக்க இளம்பிள்ளையில் இருந்த அத்தை வீட்டுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் காட்டில் ரிக் லாரி நிற்கிறது. ஊரே கூடியிருக்கிறது. கார் கொட்டகையில் அப்படியே கிடக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். சந்தையிலிருந்து வந்த அப்பாவிடம் அம்மா, "போர் போட்டே ஆகோணுமாங்க, தள்ளிப்போட்டா மொத்தமும் போயிருமாம்" என்றிருக்கிறார். யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்றெல்லாம் கேட்கிற வழக்கம் அப்பாவுக்கு ஏது? கிணறு வற்றிய கவலையில் இருந்த மனிதர் கார் ரிப்பேருக்கு ஒதுக்கி வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். கொடுமை என்னவென்றால், தண்ணீரும் பீறிட்டு வந்தது.

"வா சாமி, தண்ணியப் பாரு!" என்றார் அப்பா, தலையெல்லாம் சேறாக.

"போர் போடச் சொன்னது காருக்குங்கப்பா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். ஊர் கொல்லென்று சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அப்போதுதான் அவருக்கும் விளங்கியது, என் படிப்பைத்தான் பூமிக்குள் இறக்கியிருக்கிறார் என்று.

கல்லூரி திறந்த அன்று, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு என்னோடு பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார். யாரும் கேட்காமலே எல்லோரிடமும், "காருக்கு வேலை நடக்குதுங்க. முடியறவரைக்கும் புள்ள பஸ்ஸுல போவுது" என்றார். மாதங்கள் போயின. காருக்கு ஒரு வேலையும் நடக்கவில்லை. சரிதான், மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மறதிக்குப் பேர்போனவர்தானே.

நான் கடைசி வருடம் படித்தபோது அந்த மெக்கானிக் வீடு தேடி வந்தார். உள்ளே இருந்த எனக்கு எல்லாம் கேட்டது. நல்ல பிஸ்டன் செட் ஒன்று கிடைத்திருக்கிறது, பணம் பிறகு வாங்கிக்கொள்கிறேன், ஒரு வாரத்தில் வண்டி குதிரை மாதிரி ஓடும் என்றார்.

அப்பா அவசரமாக அவரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"சத்தம் போடாதப்பா. அது ஓடுச்சுன்னா எம்புள்ள எப்படிப் பஸ்ஸுல போகும்? அந்த வண்டிய நம்பிப் படிப்ப உட முடியுமா? படிப்பு முடியட்டும், நானே சொல்லியனுப்பறேன்."