தோட்டத்தைக் கேட்பவர்

வெளியார் கேட்க முடியாதபடி போலீஸ் அலைவரிசைகளைப் பூட்டிப் பல ஆண்டுகளாகிவிட்டன. ரேடியோ ஸ்கேனரை அந்தப் பக்கம் திருப்பினால் வெறும் இரைச்சல்தான். "இன்னும் அதுல என்னத்தண்ணே கேக்குறீங்க?" என்று பக்கத்து வீட்டு சுரேன் கேட்டால் தெய்வசிகாமணிக்கு எரிச்சல் வரும்.

"தோட்டத்தக் கேக்குறேன்லா."

சுங்கை சிப்புட் அடுக்குமாடியின் நாலாவது மாடியில், அந்த ஸ்கேனர் அவர் முன்பு குடியிருந்த ரப்பர் தோட்டத்து வாக்கிடாக்கிப் பேச்சைத் தெளிவாகப் பிடிக்கும். இப்போது அங்கே ரப்பர் இல்லை, எண்ணெய்க்கான செம்பனை மரங்கள். லாரி எங்கே நிற்கிறது, மழை எந்தப் பக்கம் என்று காலையிலிருந்தே கேட்பார். மனைவி அஞ்சலையைப் புதைத்ததும் அங்கேதான். தலைமாட்டில் சிவப்புக் குரோட்டன் செடி நட்டிருந்தார். தினமும் தோட்டத்திலேயே இருப்பதுபோல் இருந்ததால், மூன்று தீபாவளியாகச் சமாதிக்குப் போய்ப் புல் வெட்டவில்லை.

நேற்றுக் காலை மண்வாரி ஓட்டுபவன் கேட்டான்: "பாஸ், இங்க குரோட்டன் வெச்ச சமாதி ஒன்னு இருக்கு. தள்ளலாமா?"

"யாராச்சும் வந்து பாக்குறாங்களா?"

"இல்ல பாஸ். லாலான் புல்லு ஆளுயரம் நிக்குது."

"அப்ப தள்ளுலா."

தெய்வசிகாமணி ஸ்கேனரை வாயருகே கொண்டுபோய், "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்றார். அதில் கேட்க மட்டுமே முடியும்.

"சரி பாஸ்" என்ற குரலுக்குப் பின்னால் இயந்திரம் உறுமுவது தெளிவாகக் கேட்டது.