ஜீப் வருவதற்குள் ஒரு வீடியோ

அண்ணி அழுதுகொண்டிருந்தார். எனக்கோ உள்ளங்கால் வரைக்கும் குறுகுறுத்தது. அவர் கையிலிருந்த செத்துப்போன போனின் பக்கவாட்டில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை. அட, மெமரி கார்டு!

கொஞ்ச நேரம் முன்னால்தான், சாமை புடைத்துக்கொண்டிருந்த அண்ணியின் மடியிலிருந்து போன் நழுவிப் பாறையில் விழுந்து, திரை கரிச்சட்டியாகிவிட்டது. அதற்குள்தான் என் அண்ணன் மகள் முதன்முதலாக நடந்த வீடியோ இருந்தது. அண்ணன் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய் மாதக்கணக்காகிறது. புதூர்நாட்டுப் பக்கம் மலைமேல் இருக்கும் எங்கள் ஊரில் போன் பேசவே மேட்டுப் பாறையில் ஏற வேண்டும். வீடியோ அனுப்பினால் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே கிடக்கும். திருப்பத்தூர் போகும்போது அனுப்பித் தருகிறேன் என்று நான் எத்தனையோ முறை கெஞ்சியாயிற்று.

"வாணாம். நேர்ல காட்டணும். பாக்கறப்ப அவரு மூஞ்சிய நான் பாக்கணும்" என்று அண்ணி பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

அந்த மூஞ்சி அன்றைக்குச் சாயங்கால ஜீப்பில் வந்துகொண்டிருந்தது.

"அழுவாதீங்க அண்ணி. போனதெல்லாம் மேல இருக்கற கண்ணாடிதான். வயித்துல இருக்கறது உசுரோடதான் இருக்குது."

"இன்னா ஒளர்ற காலேஜு?" படிப்பு முடித்து மலைக்குத் திரும்பியதிலிருந்து அவர் எனக்கு வைத்த பேர் அது.

என்னிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒரு பிரவுசிங் சென்டரை மூடும்போது வாங்கி, ஜீப்பில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே மடியில் வைத்துக் கொண்டுவந்தது. முதலில் போனை ஒயரில் மாட்டினேன். போனைத் திறந்து அனுமதி கொடு என்றது கம்ப்யூட்டர். இருட்டுத் திரையில் எங்கே திறப்பது? "கோலம் கைக்கு மறக்குமா?" என்று அண்ணி, பூட்டைத் திறக்கப் புள்ளிகளை இணைக்கும் கோட்டை விரலால் குத்துமதிப்பாக இழுத்துப் பார்த்தார். திரை அசையவில்லை.

சரி, கார்டையே வெளியே எடுத்துவிடலாம். அந்த ஓட்டையில் குத்தினால் ஊசி வளைந்தது, ஊக்கு உள்ளே போகவில்லை. வேலியில் ஒரு காரமுள்ளை ஒடித்துவந்து குத்தினேன். சின்னத் தட்டு டக்கென்று வெளியே வந்தது. விரல் நகம் மாதிரி ஒரு கார்டு! அண்ணி அதை வாங்கவே பயந்தார். "தும்மினா போய்டும்டி!"

கார்டு ரீடரில் செருகினேன். வீடியோக்கள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றைத் தட்டினேன். 'வா வா வா கண்ணு' என்று அண்ணியின் குரல் மட்டும் வந்தது, படம் வரவில்லை. இதற்கென்றே ஒரு பிளேயரை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தேன். அதில் போட்டேன். படம் வந்தது! நான் குதித்த குதியில் முற்றத்துக் கோழிகள் சிதறின.

படத்தோடு இன்னொன்றும் வந்தது. திரை நடுவே, தோசைக்கல் மாதிரி ஒரு கறுப்பு வட்டம். தாவணியால் மானிட்டரைத் துடைத்தேன். போகவில்லை. அடுத்த வீடியோவிலும் அதே வட்டம். மானிட்டரும் போச்சா?

அண்ணி தன் சுட்டு விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மை."

"இன்னா மை?"

"கொழந்தைய அதுக்குள்ள புடிச்சு வெக்கறோமே, கண்ணு பட்டுடாதான்னு, போனுக்கும் ஒரு பொட்டு வெச்சேன். வழிஞ்சிருக்கும்போல."

போனைத் திருப்பினேன். கேமராக் கண்ணில் கச்சிதமாக ஒரு திருஷ்டிப் பொட்டு. அந்தச் சின்னத் திரையில் தூசி என்று விட்டிருக்கிறோம். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோது, வளைவில் ஜீப் ஹாரன் கேட்டது.

இறங்கியதும் அண்ணன் மகளிடம் கையை நீட்டினார். அவள் அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இடுப்பைவிட்டு இறங்கவேயில்லை. "யாரோன்னு பாக்கறா" என்று அண்ணன் சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. நான் அவரை இழுத்துவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துத் தட்டினேன்.

இடது ஓரத்தில் தானியக் குதிரின் விளிம்பைப் பிடித்தபடி குழந்தை. கையை விட்டாள். ஒரு அடி. தள்ளாடினாள். இன்னொரு அடி. கறுப்பு வட்டத்துக்குள் போய்விட்டாள்! 'வா வா வா' என்று குரல், ஒரு கெக்கலிப்பு. வலது பக்கம் வெளியே வந்தாள், நின்ற நிலையில்!

"நடுவுல நடந்தாளா, உருண்டாளா?" என்றார் அண்ணன்.

"நடந்தாளுங்க! நான் பாத்தேன்ல!" என்றார் அண்ணி.

"கிரகணம் புடிச்சாப்ல இருக்குதே! இன்னொரு வாட்டி போடும்மா."

போட்டேன். மறுபடி போட்டேன். ஒவ்வொரு முறையும் அவள் வட்டத்துக்குள் போகும்போது அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டார், வெளியே வந்ததும் தொடையில் தட்டினார். அண்ணி ஒரு தடவைகூடத் திரையைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் குழந்தை தன் குரலைக் கேட்டு நிமிர்ந்தாள். அண்ணியின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள். நேராகத் திரைக்கு நடந்துவந்து அந்தக் கறுப்பைத் தட்டிப் பார்த்தாள். எட்டவில்லை. அண்ணன் முழங்காலைப் பிடித்து ஏறினாள். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார், எங்கே அசைந்தால் இறங்கிவிடுவாளோ என்று.

நாளை மறுநாள் அவர் திரும்பப் போகிறார். அதற்குள் அவரைப் படம் பிடிக்கப் போகிறேன். அவர் சாப்பிடுவது, பேர் சொல்லிக் கூப்பிடுவது, எல்லாவற்றையும். தினமும் விளக்கு வைத்ததும் இவளுக்குப் போட்டுக்காட்ட வேண்டும், அடுத்த முறை யாரோ என்று பார்க்கக் கூடாது. தோட்டத்துக்கு எங்கள் ஊர் ஆட்கள் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு கார்டு போகும், ஒரு கார்டு வரும். சிக்னல் ஏறாத மலையில் ஜீப் ஏறுகிறதே!

என் போனின் கேமராவைத் துடைத்து வைத்துவிட்டேன். அண்ணி மைச்சிமிழோடு பக்கத்திலேயே நிற்கிறார். இந்த முறை பொட்டு போன் உறையின் மூலையில்தான் என்று பேசி முடிவாகியிருக்கிறது.