தாவல் அவனுக்கு, சண்டை எனக்கு

அமெரிக்காவிலிருந்து அண்ணன் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தான். பின்னால் அவன் மகன் ஆடும் விளையாட்டில் 'தொப்'பென்று ஒரு சத்தம். சுவரில் ஓடிய வீரன் தாவி இறங்கும் சத்தம். என் காது அதை மறக்கவே இல்லை.

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில், அண்ணன் படிப்புக்கென்று அப்பா வாங்கிய கம்ப்யூட்டரில் அதே விளையாட்டு இருந்தது. தாவல்தான் அதன் அழகு. சுவரில் ஓடி, கம்பியில் சுழன்று, மாடம் விட்டு மாடம் பறக்கலாம். சண்டைதான் இழுவை. அதே மூஞ்சிகள் வெட்ட வெட்ட வந்துகொண்டே இருக்கும்.

சண்டை வந்ததும் அண்ணன் எழுந்துவிடுவான். "நீ அடிச்சு முடிச்சுட்டுக் கூப்பிடு."

விரல் வலிக்க முடித்துக் கூப்பிடுவேன். வந்து தாவுவான்.

"ஒரே ஒரு தடவை நான் தாவறேண்ணா."

"நீ விழுந்துடுவே."

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வார்: "அவன்கிட்ட குடும்மா."

அந்த அப்பா இப்போது ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில், படுத்த படுக்கையாக. நான் அவருக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"நீ பாத்துக்கோ," என்றான் அண்ணன். "ஏதாவதுன்னா கூப்பிடு. அடுத்த பிளேன்ல வந்துடறேன்."

குரல் கேட்டு அப்பா கண் திறந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அவனா? போனை என்கிட்ட குடும்மா."